இருட்டுக்குக் காவல்



பாலைவனத்து வானாய்வகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், யாராக இருந்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “என்னென்ன நட்சத்திரம் பார்த்தீங்க?” ஒன்றும் பார்க்கவில்லை என்பதுதான் என் பதில். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் பரனால் என்று ஒரு மலை. அதன் உச்சியில் இருக்கும் வானாய்வகத்துக்குச் சனிக்கிழமைகளில், அதுவும் பட்டப்பகலில்தான் பொதுமக்களை விடுகிறார்கள். கட்டணம் கிடையாது. முன்பதிவு கட்டாயம். இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும். உலகத்திலேயே ஆகச் சிறந்த இரவு வானங்களில் ஒன்றைத் தேடிப் போய், சுட்டெரிக்கிற வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று எங்களோடு வந்த ஒரு பெரியவர் புலம்பிக்கொண்டே வந்தார். அவர் புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் இந்த விதி எதற்காக என்று கேட்டுக்கொண்டே போனால் அந்த இடத்தின் கதை முழுவதும் அவிழ்ந்துவிடும். இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

அன்டோஃபகாஸ்டா என்ற துறைமுக நகரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் போக வேண்டும். நகரம் முடிகிற இடத்தில் பச்சையும் முடிந்துவிடுகிறது. ராஜஸ்தானத்துப் பாலையைப் பார்த்தவர்கள் அங்கே வன்னி மரத்தைப் பார்த்திருப்பீர்கள், ஆட்டு மந்தையைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு புல் கிடையாது. செம்மண் நிறக் குன்றுகள், இடையிடையே சுரங்கங்களுக்குப் போகும் லாரிகள். செவ்வாய்க் கோளுக்கு அனுப்பும் ஊர்திகளை இந்தப் பகுதியில் ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை, கடல் பக்கத்திலேயே இருக்கிறது. பசிபிக் பெருங்கடலிலிருந்து பரனால் 12 கிலோமீட்டர்தான். கடலோரத்தில் ஏன் மழை இல்லை? தென்துருவப் பக்கத்திலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. அதன்மேல் இருக்கும் காற்று குளிர்ந்து, கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே வறண்ட, வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. மேகம் உருவாகத்தான் செய்கிறது, ஆனால் அந்த மூடியைத் தாண்டி எழும்ப அதற்குத் தெம்பில்லை. கிழக்கே அமேசான் பக்கத்திலிருந்து வருகிற ஈரத்தை ஆண்டிஸ் மலைத்தொடர் மறித்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியாயிற்று.

பரனாலின் உச்சி 2,635 மீட்டர். மேகங்கள் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன. மேல்தளத்தில் நின்று மேற்கே திரும்பினால் பல நாட்கள் கடல் தெரியாது, மேகத்தின் முதுகுதான் தெரியும். கரையோர ஊர்களின் விளக்கு வெளிச்சம் மேலே வராமல் இந்த மேகமே மூடிவிடுவது ஓர் உபகாரம். கடல்மீது தடங்கலில்லாமல் வருகிற காற்று கலங்காமல் வருவது அதைவிடப் பெரிய உபகாரம். நட்சத்திரம் மினுக்குவது நட்சத்திரத்தின் குணமல்ல, நடுவில் இருக்கும் காற்றின் கலக்கம். அந்தக் கலக்கம் குறைந்த இடம், ஈரம் இல்லாத இடம், வருஷத்தில் 300 இரவுகளுக்கு மேல் வானம் தெளிந்திருக்கிற இடம் என்று தேடித்தான் ஈ.எஸ்.ஓ. எனப்படும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் இங்கே வந்தது. 1962-ல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. தலைமையகம் ஜெர்மனியில், மியூனிக் பக்கத்தில் இருக்கிறது. தொலைநோக்கிகளெல்லாம் சிலியில்.

ஐரோப்பாக்காரர்கள் தென்கோளத்துக்கு ஏன் ஓட வேண்டும்? நம் பால்வீதியின் மையம் தெற்கு வானத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் அது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். சென்னையிலிருந்து பார்த்தாலும் பாதி உயரம்தான் ஏறும். பரனாலில் கிட்டத்தட்டத் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். அங்கே நடந்த பெரிய கண்டுபிடிப்புக்கு இதுவும் ஒரு காரணம். பிறகு வருகிறேன்.

1991-ல் மலையின் உச்சியை வெடிவைத்து 28 மீட்டர் சீவித் தட்டையாக்கினார்கள். அந்தத் தளத்தில் நான்கு பெரிய தொலைநோக்கிகள் நிற்கின்றன. முதலாவது 1998 மே மாதத்தில் கண் திறந்தது, நான்காவது 2000 செப்டம்பரில். அன்டூ, குயேன், மெலிபால், யேபுன் என்று மப்புச்சே பழங்குடியினரின் மொழியில் பெயர்கள். பெயர் வைக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தி, சுகிகமாட்டா என்ற செம்புச் சுரங்க ஊரைச் சேர்ந்த ஒரு மாணவியின் யோசனையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த நான்கையும் சேர்த்து அதிகாரபூர்வமாக என்ன பெயர் தெரியுமா? ‘மிகப் பெரிய தொலைநோக்கி’. பேர் வைக்கிற வேலையைப் பொறியாளர்களிடம் விட்டால் இப்படித்தான்.

தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். வெளியே வெயில் கொளுத்துகிறது, கட்டடத்துக்குள்ளே குளிர்கிறது. நமக்காகப் போட்ட ஏ.சி. அல்ல. அன்று சாயங்காலம் வெளிக்காற்று எத்தனை டிகிரிக்கு இறங்கும் என்று கணித்து, பகல் முழுக்க உள்ளேயும் அதே அளவில் வைத்திருக்கிறார்கள். கதவு திறக்கும்போது உள்ளே வெப்பம் தேங்கியிருந்தால் அது அலையலையாக எழும்பி, கண்ணாடிக்கு முன்னால் ஆடும். கோடையில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலும் இங்கே கவலைப்படுகிறார்கள்.

அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும். குறுக்களவு 8.2 மீட்டர், கனம் வெறும் 17.5 சென்டிமீட்டர், எடை சுமார் 23 டன். வெப்பத்தில் விரியாத ஒருவகைக் கண்ணாடிப் பீங்கானால் ஜெர்மனியில் வார்த்து, பாரிஸ் பக்கத்தில் தேய்த்து மெருகேற்றி, கப்பலில் கொண்டுவந்தார்கள். இவ்வளவு அகலத்துக்கு இவ்வளவு கனம் பத்தாது. தொலைநோக்கி சாயும்போதெல்லாம் கண்ணாடி தன் எடையிலேயே வளையும். வளையட்டும் என்றே விட்டுவிட்டார்கள். அடியில் 150 தாங்கிகளை வைத்து, கணினி ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒருமுறை எந்த இடத்தில் எவ்வளவு தள்ள வேண்டும் என்று கணக்குப் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பழைய தொலைநோக்கிகளில் கண்ணாடி வளையாதிருக்க அதைக் கனமாகச் செய்தார்கள். கனம் கூடக் கூட அதைத் தாங்கும் இரும்பும் கூடியது, ஐந்தாறு மீட்டருக்கு மேல் போக முடியாமல் அந்த வழி முட்டிக்கொண்டது. இந்த மெல்லிய கண்ணாடியால் அந்த முட்டுச்சந்து திறந்தது.

ஒளியைத் திருப்பி அனுப்புவது அந்த 23 டன் அல்ல, அதன்மேல் பூசிய அலுமினியம். பூச்சின் தடிமன் 80 நானோமீட்டர். 50 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் பூசினால் எவ்வளவு அலுமினியம் ஆகும் என்று ஊருக்கு வந்தபிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுமார் 11 கிராம்! ஒன்றரைச் சவரன்கூட வராது. தூசியும் காற்றும் பட்டு இந்தப் பூச்சு மங்கும்போது, கண்ணாடியைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, மலைப்பாதையில் நடையைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் அடிவார முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். பழைய பூச்சைக் கரைத்துக் கழுவி, வெற்றிடக் கலத்துக்குள் வைத்துப் புதிதாகப் பூசி, மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். கீழே விழுந்தால் மாற்றுக் கண்ணாடி கிடையாது. அந்த வண்டி ஓட்டுநரைப் பார்த்துப் பேச ஆசைப்பட்டேன், வாய்க்கவில்லை.

காற்று எவ்வளவு அமைதியாக இருந்தாலும் கொஞ்சமாவது கலங்கத்தானே செய்யும்? 2016 முதல் யேபுன் தொலைநோக்கியிலிருந்து நான்கு மஞ்சள் லேசர் கதிர்களை வானத்தில் பாய்ச்சுகிறார்கள். 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுக்களின் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. லேசர் பட்டு அது ஒளிரும். வானத்தில் நாமே ஏற்றிய செயற்கை நட்சத்திரம். அது எப்படி ஆடுகிறது என்று பார்த்தால் காற்றின் கலக்கம் அளவாகக் கிடைத்துவிடும். அதைச் சரிக்கட்டத் தொலைநோக்கியின் இரண்டாம் கண்ணாடி தன் உருவத்தையே நொடிக்கு ஆயிரம் தடவை வரை மாற்றிக்கொள்கிறது. அதன் தடிமன் 2 மில்லிமீட்டர், பின்னால் 1,170 விசைகள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன சாதித்தார்கள்? ஒரே உதாரணம் போதும். பால்வீதியின் மையத்துக்குப் பக்கத்தில் எஸ்2 என்று ஒரு நட்சத்திரம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் சுற்றி 16 வருஷத்துக்கு ஒரு சுற்று வருகிறது. ரைன்ஹார்ட் கென்ஸெல் குழுவினர் 1992-லிருந்து, முதலில் சிலியிலேயே லா சியா என்ற இடத்திலும் பிறகு பரனாலிலும், இதன் பாதையைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு வந்தார்கள். 2018 மே மாதம் அது மையத்தை மிக நெருங்கியது. நெருங்கியது என்றால் 2,000 கோடி கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேகம் ஒளிவேகத்தில் ஏறக்குறைய 3 சதவீதம். அந்த நேரத்துக்காகவே நான்கு தொலைநோக்கிகளின் ஒளியையும் மலைக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதையில் ஒன்றுசேர்க்கும் கருவியைத் தயாராக வைத்திருந்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி, ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்கே சிவப்புப் பக்கம் நகர்ந்தது. நடுவில் இருப்பது 40 லட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளைதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஹவாய்த் தீவில் இதே வேலையைத் தனியே செய்துவந்த ஆண்ட்ரியா கெஸ்ஸும் கென்ஸெலும், கோட்பாட்டுக்காக ரோஜர் பென்ரோஸும் 2020-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

26 வருஷம் ஒரே நட்சத்திரத்தைப் பார்ப்பது என்றால், 26 வருஷம் அந்த மலையை இருட்டாக வைத்திருப்பது என்று அர்த்தம். சனிக்கிழமை விதிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இரவில் உச்சிக்குப் போகும் வண்டிகள் முகப்பு விளக்கைப் போடக் கூடாது, சிறு விளக்கு மட்டும்தான். ஊழியர்கள் தங்கும் விடுதி மலைச்சரிவின் ஒரு பள்ளத்துக்குள் பதுங்கியிருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது. நடுவே 35 மீட்டர் அகலக் கண்ணாடிக் கூரை, அதன்கீழ் வாழையும் பனையினச் செடிகளும், ஒரு நீச்சல் குளமும். பாலைவனத்தில் நீச்சல் குளம் என்ன ஆடம்பரம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. காற்றில் ஈரப்பதம் பல நாள் 10 சதவீதத்துக்கும் கீழே. உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் வருகிறவர்களுக்கு மூச்சுவிட ஈரக்காற்று வேண்டும். அந்தத் தண்ணீரும் லாரியில்தான் வருகிறது. பொழுது சாய்ந்ததும் கூரைக்குக் கீழே கறுப்புத் திரைகளை இழுத்துவிடுவார்கள். 2008-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ பார்த்தவர்களுக்கு இந்த விடுதி நினைவிருக்கும். படத்தில் அதைக் கொளுத்தியிருப்பார்கள்.

இரவு நேரத்தில் விஞ்ஞானிகள் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கண் வைக்க அங்கே இடமே இல்லை. கீழே கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரைகளைப் பார்த்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள். எந்த வேலையை எந்த இரவில் செய்வது என்பது அன்றைய காற்றையும் நிலாவையும் பொறுத்தது. ஆராய்ச்சியைக் கேட்டு விண்ணப்பித்தவர் ஐரோப்பாவில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். தரவு அவருக்குப் போய்ச் சேரும்.

அதனால் வானத்தைப் பார்க்கிறவர்கள் யாருமில்லை என்று ஆகிவிடாது. அட்டகாமாவின் தெற்கு ஓரத்தில் லாஸ் காம்பானாஸ் என்று இன்னொரு வானாய்வகம். 1987 பிப்ரவரியில் ஓர் இரவு, அங்கே தொலைநோக்கி இயக்குநராக இருந்த ஆஸ்கர் துஆல்டே கொஞ்சம் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வழக்கத்தில் இல்லாத ஒரு நட்சத்திரம். அதே இரவில் அதே மலையில் இயன் ஷெல்டன் என்ற கனடாக்காரர் அதைப் புகைப்படத் தட்டில் கண்டுபிடித்துச் சொன்னபோது, நான் ஏற்கெனவே பார்த்தேன் என்றார் துஆல்டே. கிட்டத்தட்ட 400 வருஷங்களில் வெறுங்கண்ணுக்கு இவ்வளவு பிரகாசமாகத் தெரிந்த முதல் சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறிய நட்சத்திரம், அது. வேலைக்கு வந்த இடத்தில் வானத்தையே மனப்பாடம் செய்துவைத்திருந்த மனிதர்.

எங்களை மலையிலிருந்து இறக்கிவிட்ட பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. தால்தால் என்ற சின்னத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி, விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். ஜனவரி மாதம், முழு இருட்டுக்கு இரவு பத்து மணி ஆயிற்று. திருவாதிரை இருக்கும் வேடன் கூட்டம் வடக்கே தலைகீழாகத் தொங்குகிறது. நம்மூரில் தென்திசையில் தாழ்வாகத் தெரியும் அகத்தியர் நட்சத்திரம் அங்கே மேலே ஏறிக்கொண்டிருந்தது. மெகல்லன் மேகங்கள் இரண்டும் துடைத்தால் போய்விடும்போல் இருந்தன. முன்பு புலம்பிய பெரியவர் வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாக, “இதுக்குத்தான் நம்மள வெரட்டுனானா” என்றார்.

இதுவரை சொன்னதை வைத்து அந்தப் பாலைவனம் ஆளில்லாத வெற்று நிலம் என்று நினைத்துவிட வேண்டாம். வானியல் புத்தகங்கள் அப்படித்தான் எழுதுகின்றன, அது சரியல்ல. வெடியுப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்து கைவிட்ட ஊர்கள் அந்தப் பாலையில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றான சாகாபூகோவைச் சிலியின் சர்வாதிகாரி பினோசெட்டின் ராணுவ ஆட்சி கைதிகள் முகாமாக்கியது. கலாமா என்ற ஊரில் 1973 அக்டோபர் 19-ஆம் தேதி 26 கைதிகளைச் சுட்டுக் கொன்று, பாலைவனத்தில் புதைத்தார்கள். அவர்களுடைய மனைவிமாரும் சகோதரிகளும் ஆண்டுக்கணக்காக மண்வெட்டியோடு அந்த மணலைக் கிளறித் தேடினார்கள். 1990-ல் எலும்புத் துண்டுகள்தான் கிடைத்தன. உடல்களை ராணுவம் முன்பே தோண்டியெடுத்து அப்புறப்படுத்தியிருந்தது. வறட்சி எதையும் மக்கவிடாது என்பதால்தான் அந்தத் துண்டுகளாவது மிஞ்சின.

பாட்ரிசியோ குஸ்மான் 2010-ல் எடுத்த ‘நோஸ்டால்ஜியா ஃபார் தி லைட்’ என்ற ஆவணப்படம், வானத்தில் பழைய ஒளியைத் தேடுகிறவர்களையும் மண்ணில் எலும்பைத் தேடும் இந்தப் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. சாகாபூகோ கைதிகளில் வானியல் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு நட்சத்திரங்களைக் கற்றுக்கொடுத்ததும், நட்சத்திரத்தைப் பார்த்து வழிகண்டுபிடித்துத் தப்பிவிடுவார்கள் என்று பயந்து ராணுவம் அந்த வகுப்பைத் தடைசெய்ததும் அந்தப் படத்தில் வருகிறது. பரனாலுக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வானாய்வகம் நிற்கும் நிலம் யாருடையது என்ற பேச்சும் எழுந்தது. 1990-களில் பரனால் நிலம் தங்கள் சொத்து என்று ஒரு குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். சிலி அரசோடு புதிய உடன்பாடு போட்டபோது, நாட்டின் விஞ்ஞானிகளுக்குப் பார்வை நேரத்தில் 10 சதவீதமும், உள்ளூர் ஊழியர்களுக்குச் சிலியின் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தன. அதே அட்டகாமாவில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகளோடு இருக்கும் அல்மா வானாய்வகத்தில், 2013-ல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து பணிகளை நிறுத்தினார்கள். பிரபஞ்சத்தைப் பார்க்கிற இடமானாலும் சம்பளமும் வேலைநேரமும் பேசித்தான் ஆகவேண்டும்.

அண்மையில் எழுந்த கவலை வெளிச்சம். பரனாலிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஆர்மசோனெஸ் மலையில் 39 மீட்டர் தொலைநோக்கி ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் கண்ணாடி 798 துண்டுகள் கொண்டது. இந்த நேரத்தில்தான் பரனாலிலிருந்து சில கிலோமீட்டரில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்க 3,000 ஹெக்டேரில் ஒரு பெரும் தொழில் வளாகத் திட்டம் 2024 கடைசியில் முன்வைக்கப்பட்டது. அது வந்தால் தொலைநோக்கிகளுக்கு மேலுள்ள வானத்தின் ஒளிமாசு குறைந்தது 35 சதவீதம் கூடும் என்று 2025-ல் ஈ.எஸ்.ஓ. கணக்குக் காட்டியது. வானியலாளர்கள் உலகமெங்கும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பசுமை எரிபொருள் கெட்ட காரியம் என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய பாலைவனத்தில் இந்த இடம்தானா கிடைத்தது என்பதுதான் கேள்வியாக இருந்தது. எனக்கும் அந்தக் கேள்விதான் இருந்தது.

வறண்ட, இருண்ட வானத்தைத் தேடிப் போகும் கதை நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. நல்ல தொலைநோக்கி, ஆனால் இரண்டு பருவமழைகளும் வருஷத்தில் பல மாதங்களை விழுங்கிவிடுகின்றன. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் வறண்ட வானத்தைத் தேடிப் போனபோது லடாக்கின் குளிர்ப் பாலைவனத்தில் ஹான்லேவைக் கண்டுபிடித்தது. 4,500 மீட்டர் உயரம். நம் வான் இயற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி 2000-லிருந்து அங்கே இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸகோட்டையில் உட்கார்ந்தபடியே அதை இயக்குகிறார்கள்.

அங்கே செய்த ஒரு காரியம் எனக்குப் பரனாலைவிடப் பிடித்திருக்கிறது. ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்து, உள்ளூர்க் கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் சிறு தொலைநோக்கிகளும் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு இரவில் வானத்தைக் காட்டுவது அவர்கள்தான், வருமானமும் அவர்களுக்கு. ஜன்னலுக்குக் கனத்த திரை போடு, வண்டி விளக்கைத் தாழ்த்து என்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வதும் அவர்கள்தான். வெளியாளைச் சாயங்காலமே மலையிறக்கி இருட்டைக் காப்பது ஒரு வழி. ஊர்க்காரரிடமே அந்தப் பொறுப்பையும் பலனையும் சேர்த்துக் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் கெடுபிடி குறைவு, ஆயுள் அதிகம் என்று நினைக்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பரனாலுக்கு உடம்பு அவ்வளவாகச் சிரமப்படாது. உதட்டுக்குத் தைலமும் தண்ணீர்ப் புட்டியும் மறக்காதீர்கள். ஹான்லே அப்படியல்ல. லேயில் இறங்கியவுடன் வண்டி ஏறாதீர்கள், சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு போங்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பார்த்துத் தேதி போடுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம், நேரம் இருக்கிறது.